விண்கப்பலில் சாப்பாடும் தண்ணீரும் கெட்ட கதை

ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஆறேழு பேர். கதவையோ ஜன்னலையோ திறக்கக் கூடாது. தெருக்கோடி அண்ணாச்சி கடைக்கு ஓட முடியாது. குழாயில் தண்ணீர் வராது. ஒரு வருஷத்துக்கு முன்னால் அடைத்து வைத்த பொட்டலத்தைப் பிரித்துத்தான் சாப்பாடு. நேற்று கழிவறைக்குப் போன நீர் இன்று சுத்தமாகி, நாளைக் காலை காபியாகக் கைக்கு வரும்.

முகம் சுளிக்காதீர்கள்! பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2009ஆம் ஆண்டிலிருந்து இப்படித்தான் குடித்தனம் நடக்கிறது.

விண்கப்பல் சினிமா பார்த்திருப்பீர்கள். ஒருவர் ஒரு வாய் சாப்பிடுவார், உடனே தொண்டையைப் பிடித்துக்கொண்டு விழுவார், "சாப்பாட்டில் ஏதோ கோளாறு" என்று கேப்டன் அலறுவார். நிஜத்தில் நடந்ததை எடுத்துப் பார்த்தால் இந்த மாதிரி நாடகம் எதுவும் இல்லை. கோளாறை நாக்கும் மூக்கும் கண்டுபிடித்தது அபூர்வம். ரத்தப் பரிசோதனை சொன்னது, இதயத் துடிப்பின் கோடு சொன்னது, ஒரு தடவை அடைத்துக்கொண்ட எந்திரம் சொன்னது. இன்னொரு விசேஷம் என்னவென்றால், பல தடவை கோளாறுக்குக் காரணமாக இருந்தது 'நல்லதுக்கு' என்று சேர்த்த பொருள்தான்.

சித்த வைத்தியருக்கு ஆகாயத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது: "கெட்டது எதுவும் வாயில வைக்கிறதே இல்லைங்க டாக்டர், அப்புறம் எப்படி இது வந்துச்சு?" இதற்குப் பதில் சொல்ல விண்வெளி வீரர்களின் சமையலறையைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. நம் வீட்டில் யார் எவ்வளவு உப்பு தின்றார், எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று யாருக்குத் தெரியும்? அங்கே உள்ளே போவதும் வெளியே வருவதும் கணக்கில் இருக்கிறது.

நிலாவுக்குப் போனவர்களுக்கும் வாயுத் தொல்லை

அப்பல்லோ விண்கலங்களில் குடிநீருக்கென்று பெரிய தொட்டி நிரப்பிக்கொண்டு போகவில்லை. மின்சாரம் தயாரிக்க ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்ப்பார்கள்; சேர்ந்தால் தண்ணீர் வரும். அதையே குடித்தார்கள். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் ஹைட்ரஜன் வாயு கலந்தே வந்தது. பூமியில் என்றால் குமிழி மேலே வந்து போய்விடும். எடையில்லாத இடத்தில் மேல் எது, கீழ் எது? குமிழி தண்ணீருக்குள்ளேயே தங்கி, வீரர்களின் குடலுக்குள் போய்விட்டது. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 போனபோது வாயுவைப் பிரிக்க ஒரு வடிகட்டி கொடுத்து அனுப்பினார்கள்; அது முழுதாக வேலை செய்யவில்லை. ஏப்பம் விட்டாலாவது சரியாகுமா என்றால், அங்கே ஏப்பத்தோடு சாப்பிட்டதும் சேர்ந்து வந்துவிடும். வயிறு உப்பி, பின்வழியாகப் போனதைத் தவிர வேறு வழியில்லை!

1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 கதை வேறு. அங்கே தண்ணீர் கெடவில்லை, போதவில்லை. ஆக்சிஜன் தொட்டி வெடித்தபின், கருவிகளைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டுமே என்று மூன்று பேரும் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 6 அவுன்ஸ்; நம் கணக்கில் ஒரு டம்ளர்கூட நிறையாது. கேப்டன் ஜிம் லவல் 14 பவுண்டு எடை இழந்து இறங்கினார். ஃப்ரெட் ஹெய்ஸுக்குச் சிறுநீர்த்தாரையில் கிருமி தொற்றி, குளிர் ஜுரம் கண்டது. வெளியூர்ப் பயணத்தில் கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வரும் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். நீர்க்கடுப்பு என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "நேத்து எங்கயாவது பஸ்ஸில போனீங்களாம்மா?" என்பதுதான்.

அயோடின் செய்த வேலை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அப்பல்லோவுக்குப் பின் வந்த அமெரிக்க விண்வெளி ஓடங்களில் குடிநீரில் கிருமி வளராமல் இருக்க அயோடினைக் கலந்தார்கள். லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். கிருமிக்கு அது எமன், மனிதனுக்கு ஒன்றும் செய்யாது என்பது அன்றைய நம்பிக்கை.

கணக்கைப் பாருங்கள். வளர்ந்த மனிதருக்கு நாளொன்றுக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராம் என்பது 1,000 மைக்ரோகிராம். இரண்டு லிட்டர் குடித்தாலே தேவையைப்போல் பல மடங்கு உள்ளே போய்விடும். குடித்தவர்களுக்கு வாந்தியில்லை, பேதியில்லை, மயக்கமில்லை. திரும்பி வந்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோதுதான் டி.எஸ்.எச். என்ற சுரப்பு ஏறியிருப்பது தெரிந்தது. அதாவது தைராய்டு சுரப்பி மந்தமாகிவிட்டது, மூளை அதைத் தட்டி எழுப்பப் பார்க்கிறது என்று அர்த்தம்.

அயோடின் குறைந்தால் தைராய்டு கெடும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கழுத்துக் கழலை வரக்கூடாது என்றுதான் உப்பிலேயே சேர்க்கிறார்கள். ஆனால் அளவு மீறிக் கொட்டினால் அதே சுரப்பி கதவைச் சாத்திக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரியாது. 1990களின் பிற்பகுதியில் நாஸா ஒரு வழி செய்தது. தொட்டியில் அயோடின் இருக்கட்டும், வாய்க்கு வருமுன் அதை உறிஞ்சி எடுத்துவிடும் வடிகட்டி ஒன்றை வைத்தார்கள். அதற்குப் பிறகு போய் வந்தவர்களுக்கு டி.எஸ்.எச். ஏறவில்லை. ரஷ்யர்கள் இந்த வம்பே வேண்டாம் என்று வெள்ளியைச் சேர்க்கிறார்கள். தண்ணீரை வெள்ளிச் சொம்பில் வைத்த நம் வீட்டுப் பெரியவர்கள் நினைவுக்கு வருகிறார்களா?

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. "தைராய்டுக்கு நல்லது" என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கடல்பாசி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வருகிறவர்களை இப்போதெல்லாம் அதிகம் பார்க்கிறேன். கடல்பாசியில் அயோடின் மிகுதி; எந்தப் பாசியில் எவ்வளவு என்பது ஒரே சீராக இருக்காது. நம் நாட்டில் கடையில் விற்கும் அயோடின் உப்பில் குறைந்தது ஒரு கிராமுக்கு 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. சமையலில் சேரும் உப்பே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். பரிசோதனை செய்து, வைத்தியர் சொல்லாமல் அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே தைராக்ஸின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்த மூலிகைக்காகவும் அதை நிறுத்தக் கூடாது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், நிறுத்தாதீர்கள்.

எந்திரத்துக்கு வந்த கல்லடைப்பு

2008 நவம்பரில் விண்வெளி நிலையத்துக்கு ஒரு சாதனம் போய்ச் சேர்ந்தது. சிறுநீரைக் காய்ச்சி வடித்து, வியர்வை, மூச்சிலிருந்து வரும் ஈரம் எல்லாவற்றையும் சேர்த்துக் குடிநீராக்கித் தரும். 2009 மே மாதம் அங்கிருந்தவர்கள் பையை உயர்த்தி வாழ்த்துச் சொல்லிக்கொண்டு அந்தத் தண்ணீரை முதல் தடவையாகக் குடித்தார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் சாதனம் படுத்துவிட்டது. திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிவம். கால்சியம் சல்பேட்!

அது வேறொன்றுமில்லை, ஜிப்சம்தான். கல்லூரியில் குணபாடம் வகுப்பில் கற்பூர சிலாசத்து என்று படித்தோமே, அதே சரக்கு. நீர்ப்பாதை நோய்களுக்கு அதைப் பற்பமாக்கிக் கொடுப்பது எங்கள் வழக்கம். அதுவே போய் ஓர் எந்திரத்தின் நீர்ப்பாதையை அடைத்துவிட்டது என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எப்படி அடைத்தது? எடையில்லாத இடத்தில் எலும்புக்கு வேலையில்லை. வேலையில்லாத எலும்பு கரையும். உடம்பைத் தாங்கும் இடுப்பு எலும்பு போன்றவற்றில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை போய்விடும். கரைந்த சுண்ணாம்புச் சத்து சிறுநீரில் இறங்கும். இந்தக் கசிவை எந்திரம் கட்டியவர்கள் குறைவாக மதிப்பிட்டுவிட்டார்கள். அதோடு, சிறுநீர் கெடாமலிருக்க நல்லெண்ணத்தில் கந்தக அமிலம் வேறு சேர்த்தார்கள். சுண்ணாம்பும் கந்தக அமிலமும் சேர்ந்தால்? ஜிப்சம். நீரை 85 சதவீதம் மீட்கத் திட்டமிட்ட எந்திரத்தை அதற்குக் கீழே இறக்கித்தான் ஓட்ட வேண்டி வந்தது. பின்னால் கந்தக அமிலத்துக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலம் கொண்டுவந்தார்கள், நிலைமை சீரானது. 2023ல் நிலையத்தின் மொத்தத் தண்ணீரில் 98 சதவீதத்தை மீட்டுவிட்டோம் என்று நாஸா அறிவித்தது.

நீரைப் பார்த்து நோய் சொல்லும் நீர்க்குறியை எங்கள் ஆசிரியர்கள் எங்களுக்கு வருஷக்கணக்கில் பழக்கினார்கள். இங்கே ஓர் எந்திரமே நீர்க்குறி பார்த்து, "உங்கள் எலும்பு கரைகிறதப்பா" என்று சொல்லியிருக்கிறது.

எந்திரத்தில் அடைத்தது மனிதனின் சிறுநீரகத்தில் அடைக்காதா? அடைக்கும். விண்வெளி வீரர்களுக்குச் சிறுநீரகக் கல் ஓர் உண்மையான அபாயம். இதற்குத் துணைபோன இன்னொரு ஆசாமி சாப்பாட்டில் ஒளிந்திருந்தது. அது உப்பு. நீண்ட நாள் வைக்கும் பொட்டல உணவில் உப்பைத் தூக்கலாகப் போடுவது எல்லா ஊரிலும் வழக்கம். அங்கே போனதும் ரத்தமும் நீரும் தலைப்பக்கம் ஏறி மூக்கடைத்துக்கொள்ளும். சளி பிடித்தவனுக்குச் சாப்பாடு சப்பென்றிருக்குமே, அந்த மாதிரி. அதனால் உறைப்பும் உப்பும் கேட்கும் நாக்கு. ஒரு காலத்தில் அவர்கள் சாப்பாட்டில் நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல் சோடியம் இருந்தது. உப்புக் கணக்கில் அது 13 கிராம். உப்பு மிகுந்தால் சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து கூடுதலாக வெளியேறும். ஏராளமான பண்டங்களின் செய்முறையை மாற்றி, சோடியத்தை 3 கிராம் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். வெயில் படாத உடம்புக்கு வைட்டமின் டி மாத்திரை, தினம் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத உடற்பயிற்சிக்கு ஒதுக்கீடு, வயிறாரச் சாப்பாடு எல்லாம் சேர்ந்தபின்தான் எலும்பு பெருமளவு காப்பாற்றப்பட்டது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது: உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், வடாம், கருவாடு, கடையில் வாங்கும் சிப்ஸ் எல்லாம் அந்த ஒரு டீஸ்பூனுக்குள்தான் வர வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பயந்துபோய்ப் பாலையும் தயிரையும் நிறுத்திவிடுகிறார்கள். அது தப்பு. உணவில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். பாலை விட்டுவிட்டு உப்பை வைத்துக்கொள்வது, கதவைப் பூட்டிவிட்டுக் கூரையைப் பிரித்து வைத்த கதை.

தலைக்குத் தேய்த்தது தண்ணீரில் வந்தது

2010 நடுவில் நிலையத்துக் குடிநீரில் கரிமப் பொருளின் அளவு மெல்ல மெல்ல ஏறியது. சுவையில் மாற்றமில்லை, நிறத்தில் மாற்றமில்லை. கருவியின் எண் மட்டும் ஏறுகிறது. என்ன பொருள் என்று அங்கே கண்டுபிடிக்க வசதியில்லை. மாதிரியைப் பூமிக்குக் கொண்டுவந்து பார்த்தபோது, சிலிகோன் வகையிலிருந்து பிறந்த ஒரு பொருள் என்று தெரிந்தது. தலைக்கும் உடம்புக்கும் தடவும் லோஷன், வாசனைப் பொருட்கள், கப்பலில் பூசியிருக்கும் பசை ஆகியவற்றிலிருந்து ஆவியாகி, காற்றின் ஈரத்தில் சேர்ந்து, குடிநீர்வரை வந்துவிட்டது! அந்த அளவில் அது உடம்புக்குக் கெடுதி இல்லை என்று நச்சியல் நிபுணர்கள் சொன்னார்கள். வடிகட்டியை மாற்றினால் இறங்கும்; தேய்ந்ததும் மறுபடி ஏறும்.

வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி வைத்திருப்பவர்கள் கடைசியாக எப்போது வடிகட்டியை மாற்றினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் தெளிவாகத்தான் வரும். வடிகட்டி செத்த பிறகும் தெளிவாகத்தான் வரும்.

ஆரஞ்சு ஜூஸும் இதயத் துடிப்பும்

1971ல் அப்பல்லோ 15ல் போன ஜேம்ஸ் இர்வினுக்கும் டேவிட் ஸ்காட்டுக்கும் இதயத் துடிப்பில் தாளம் தப்பியது. பூமியிலிருந்து கவனித்த டாக்டர்கள் திகைத்துப் போனார்கள். உடம்பில் பொட்டாசியம் குறைந்துவிட்டதுதான் காரணம் என்று நினைத்தார்கள். அடுத்த வருஷம் அப்பல்லோ 16 கிளம்பும்போது ஆரஞ்சு பானத்தில், மற்ற உணவில் எல்லாம் பொட்டாசியத்தைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். கேப்டன் ஜான் யங் நிலாவில் உட்கார்ந்துகொண்டு, வயிறு வாயுவால் படுத்துகிறது, ஊர் திரும்பினால் ஆரஞ்சைத் தொடவே மாட்டேன் என்று சக வீரரிடம் புலம்பினார். மைக் திறந்திருந்தது தெரியாது. உலகமே கேட்டது!

இர்வினுக்கு 1973ல் மாரடைப்பு வந்தது. அவருடைய இதய ரத்தக்குழாயில் முன்பே நோய் இருந்திருக்கிறது என்று பின்னால் புரிந்தது. பழியெல்லாம் சாப்பாட்டின் தலையில் விழுந்ததில் முழு நியாயம் இல்லை.

பொட்டாசியம் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். இளநீர், வாழைப்பழம், கீரை எல்லாம் ஆரோக்கியமானவருக்கு அமிர்தம். சிறுநீரகம் பழுதானவருக்கு அதே பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத்தையே நிறுத்திவிடும். ரத்தக்கொதிப்புக்கு நல்லது என்று கடையில் விற்கும் 'லோ சோடியம்' உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடைத்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்தக்கொதிப்புக்குச் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அந்தப் பாக்கெட்டை வாங்க வேண்டாம்.

காலம் தின்ற சத்து

விண்வெளிச் சாப்பாட்டில் கிருமி புகுந்து பெரிய விபரீதம் நடந்ததில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. நாஸாவும் பில்ஸ்பரி என்ற உணவுக் கம்பெனியும் 1959 வாக்கில் ஒரு சிக்கலில் மாட்டின. தயாரான பொட்டலத்தைப் பிரித்துப் பரிசோதித்தால்தான் அது நல்லதா என்று தெரியும். பிரித்தால் அது பயன்படாது. நம்பிக்கை வரும் அளவுக்குப் பரிசோதிக்க வேண்டுமானால் பாதிச் சாப்பாட்டைப் பிரித்தே தீர்த்துவிட வேண்டும். ஆகவே கடைசியில் பார்ப்பதை விட்டு, அரிசி வந்து இறங்குவதிலிருந்து மூடி போடும்வரை எந்த இடத்தில் கெடலாமோ அந்த இடத்தில் காவல் போட்டார்கள். இன்று பால் பண்ணையிலும் ஏற்றுமதி ஊறுகாய்த் தொழிற்சாலையிலும் நடப்பது அந்த முறைதான்.

கிருமியை நிறுத்திவிட்டார்கள். காலத்தை நிறுத்த முடியவில்லை. விண்வெளி நிலையத்திலேயே 880 நாள் வரை வைத்திருந்த உணவைப் பூமிக்குக் கொண்டுவந்து, இங்கே வைத்திருந்த அதே உணவோடு ஒப்பிட்டார்கள். கதிர்வீச்சு கெடுத்திருக்கும் என்று பயந்தார்கள். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. ஆகாயம் எதையும் கெடுக்கவில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் சில பண்டங்களில் வைட்டமின் ஏ, சி, கே, பி1, ஃபோலிக் அமிலம் குறைந்திருந்தன. பொட்டலம் ஊதவில்லை, நாற்றமில்லை, சாப்பிட நன்றாகவே இருந்தது. சத்து மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தது. செவ்வாய்க்குப் போய்வர இரண்டரை, மூன்று வருஷம் ஆகும். முன்கூட்டியே அனுப்பி வைக்கும் சாப்பாடு 5 வருஷம் தாங்க வேண்டும். இன்றைக்கும் அவர்களை உறுத்தும் பிரச்சினை இதுதான்.

சித்த வைத்தியத்தில் இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. சாறும் குடிநீரும் 3 மணி நேரம், சூரணம் 3 மாதம், நெய்யும் இளகமும் 6 மாதம் என்று ஒவ்வொரு மருந்துக்கும் ஆயுள் வகுத்திருக்கிறார்கள். கெட்டுப்போகும் நாள் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது, வீரியம் போகும் நாள். 4 வருஷத்துக்கு முன் வாங்கிய திரிபலா சூரணத்தை இன்னும் வைத்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. பூச்சி விழவில்லையே என்பார்கள். பூச்சிக்குக்கூட அதில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது!

கப்பல்காரர்கள் இந்தப் பாடத்தை ஒரு தடவை படித்து, மறந்து, மறுபடி படித்தவர்கள். 1747ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற ஸ்காட்லாந்துக் கப்பல் வைத்தியர் ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மருந்து கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற ஜோடி ஆறே நாளில் தேறிவிட்டது. அப்புறம் அவரே, கப்பலில் கொண்டுபோக வசதியாக இருக்கட்டும் என்று பழச்சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் பாகாக்கச் சொன்னார். காய்ச்சியதில் மருந்து பறந்துவிட்டது. 1795க்குப் பிறகு பிரிட்டிஷ் கடற்படையில் பெரிய எலுமிச்சையின் சாறு கட்டாயமாகி, நோய் ஒழிந்தது. 1860களில் மேற்கிந்தியத் தீவுகளின் சின்ன ரகத்துக்கு மாறினார்கள். புளிப்பு அதிகம், ஆகவே மருந்தும் அதிகம் என்று எண்ணம். 1875ல் வடதுருவத்துக்குப் போன கப்பல்களில் அந்தச் சாற்றைக் குடித்தும் ஸ்கர்வி வந்தது. முதல் உலகப் போர்க்காலத்தில் லண்டனில் ஆராய்ந்தபோதுதான், பதப்படுத்திய சின்ன எலுமிச்சைச் சாற்றில் வீரியம் மிகவும் குறைவு என்று தெரிந்தது. நாக்குக்குப் புளித்தது, ஈறுக்கு உதவவில்லை. நம்ம ஊர் எலுமிச்சையும் அந்தச் சின்ன ரகம்தான். பயப்படாதீர்கள், அப்போது பிழிந்த சாற்றில் சத்து உண்டு. பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் வைத்ததை அதே கணக்கில் சேர்க்காதீர்கள்.

அந்தப் போரின்போது இன்னொன்றும் நடந்தது. 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை மெசபொட்டேமியாவின் கூட் நகரில் பிரிட்டிஷ் இந்தியப் படை முற்றுகையில் சிக்கியது. வெளியே போக வழியில்லாத ஒரு விண்கப்பல் மாதிரிதான். வெள்ளை மாவு ரொட்டி தின்ற ஆங்கிலச் சிப்பாய்களுக்கு பெரிபெரி வந்தது. தவிடு நீக்காத மாவு தின்ற இந்தியச் சிப்பாய்களுக்கு அது வரவில்லை. ஆனால் குதிரை மாமிசம் வேண்டாம் என்ற அவர்களுக்கு ஸ்கர்வி வந்தது. ஒரே முற்றுகை, இரண்டு நோய்! எந்தத் தட்டில் எது இல்லையோ அது நோயாக வந்தது.

பயறு முளைத்த இடம்

உணவைக் கட்டிக்கொண்டு போவதைவிட அங்கேயே பச்சையாக ஒன்றை வளர்த்துச் சாப்பிட முடியுமா என்று இப்போது பார்க்கிறார்கள். 2015 ஆகஸ்டில் நிலையத்தில் வளர்த்த சிவப்புக் கீரை வகையை வீரர்கள் தின்று பார்த்தார்கள். 2025 ஜூன் மாதம் நம் சுபான்ஷு சுக்லா அங்கே போனபோது கேரட் அல்வா, பாசிப்பருப்பு அல்வா, மாம்பழச் சாறு கொண்டுபோனதைப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. எனக்குச் சந்தோஷம் தந்தது வேறொன்று. கர்நாடகத்தில் உள்ள தார்வாட் விஞ்ஞானிகளின் சோதனைக்காக வெந்தயத்தையும் பச்சைப்பயறையும் அங்கே முளைக்க வைத்தார். முளையைக் குளிரில் உறையவைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

உலர்ந்த பயறில் வைட்டமின் சி இல்லை என்றே சொல்லலாம். வருஷக்கணக்கில் மூட்டையில் கிடக்கும். தண்ணீர் பட்டு முளை விட்டதும் அந்த முளையில் புதிதாகப் பிறக்கிறது. அடைத்து வைத்த சாப்பாட்டில் எது தொலைந்துபோகிறதோ, அதையே இந்தப் பயறு அப்போதைக்கப்போது தயாரித்துத் தருகிறது.

வீட்டில் செய்வது சுலபம். ஒரு கைப்பிடி பச்சைப்பயறைக் கல், சொத்தை நீக்கி மூன்று தடவை அலசுங்கள். குடிக்கத் தகுந்த தண்ணீரில் 8 மணி நேரம் ஊறட்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, வெந்நீரில் அலசிக் காயவைத்த துணியில் கட்டி வையுங்கள். காலை, மாலை ஒரு தடவை அலசினால் கொழகொழப்பு வராது. நம்ம ஊர் வெக்கைக்கு ஒரு நாளிலேயே முளை வந்துவிடும். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். முளைக்கும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் பிடிக்கும். அவர்களுக்கு நன்றாக வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். மற்றவர்களும் ஆவியில் ஒரு கொதி காட்டிச் சாப்பிடுவது நல்லது. தாளித்துத் தேங்காய் போட்டுக் கிளறிய பிறகு, உப்பைக் கையடக்கமாகப் போடுங்கள். எலுமிச்சையை அடுப்பை அணைத்து, கொஞ்சம் ஆறியபிறகு பிழியுங்கள்.